கையை எடுத்துப் பார்

பாப்பா,

ஊருக்குக் கிளம்பிய அவசரத்தில், வீல் அலைன்மென்ட் கடையில் கொடுத்த தாளைச் சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் கிடந்தது. நடுவில் ஒரு கார் படம், சக்கரங்களுக்குப் பக்கத்தில் எண்கள், ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. "இந்த நம்பருக்கெல்லாம் என்ன தாத்தா அர்த்தம்?" என்று வண்டியில் ஏறும்போது கேட்டாய். சென்னை போய்ச் சேர்ந்து போன் செய்தபோதும் கேட்டாய். நீ பேசியதில் பாதி என் காதில் விழவில்லை, சிக்னல் சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

டெப்போ ஒர்க்‌ஷாப்பில் 1981-இல் சேர்ந்து 2015-இல் ஓய்வு பெற்றவன் நான். முப்பத்துநாலு வருடம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தவனுக்கு எண்ணை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தத் தெரியாது. கொஞ்சம் கூடவும் சொல்வேன். பொறுத்துக்கொள்.

அன்றைக்கு ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன் இல்லையா? நாலுவழிச் சாலையில் வண்டி நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆனால் உன் கையிலிருந்த ஸ்டீயரிங் மட்டும் ஒரு விரற்கடை வலப்பக்கம் சாய்ந்திருந்தது. "ஏம்மா, சாஞ்சிருக்கே?" என்றேன். "அது அப்படித்தான் தாத்தா. நேரா புடிச்சா லெஃப்ட்ல போவுது. ரோடு சரிவுல்ல?" என்றாய்.

ரோடு சரிவு என்று நீ சொன்னது பொய்யில்லை. மழைத் தண்ணீர் வடிய வேண்டும் என்று எந்தச் சாலையையும் ஓரத்தை நோக்கிச் சரித்துத்தான் போடுவார்கள். மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவு. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். அதனால் நல்ல வண்டிகூட லேசாக இடப்பக்கம் சாயும். ஆனால் எனக்கு உறுத்தியது சரிவு இல்லை, 'அது அப்படித்தான்' என்ற சொல். அந்தச் சொல்லைச் சர்வீஸ் முழுக்கக் கேட்டிருக்கிறேன். அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு கழன்ற நட்டு இருக்கும்.

பிளாட் போட்டு விற்காமல் கிடக்கிற அந்த லே-அவுட்டுக்குள் வண்டியை விடச் சொன்னேன். தார் போட்ட ரோடு, ஆள் அரவம் இல்லை. "நடுவுல போ. நாப்பதுல வெச்சுக்கோ. இப்பக் கையை எடு, ஆனா ரொம்பத் தள்ளாதே, விரல் ஒட்டினாப்லயே இருக்கட்டும்" என்றேன். நாலு விளக்குக் கம்பம் தாண்டுவதற்குள் இடது சக்கரம் மண்ணைத் தொட்டுவிட்டது. திருப்பிக்கொண்டு அதே தடத்தில் வந்தோம். அப்போதும் இடப்பக்கம்தான் போனது. சரிவுதான் காரணம் என்றால் திரும்பி வரும்போது வலப்பக்கம் அல்லவா போயிருக்க வேண்டும்? உன் முகத்தைப் பார்த்தேன். "இவ்வளவு நாளா நான்தான் புடிச்சு வெச்சிருந்தேனா?" என்று கேட்டாய்.

அதுதான் பாப்பா, இந்தக் கடிதத்தின் சாரம். கோணல் வண்டியில் இருந்தது. அதை நேராக்கியது உன் கை. கை பழகிவிட்டதால் கோணல் உனக்குத் தெரியவில்லை.

டெப்போவில் ஒரு நடைமுறை உண்டு. வண்டியை ஒப்படைக்கும்போது டிரைவர் தன் குறையைக் கம்ப்ளைன்ட் புத்தகத்தில் எழுத வேண்டும். பிரேக் பிடிக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, ஸ்டீயரிங் இழுக்கிறது, இப்படி. ஒரு ரூட் வண்டி. ஒரே டிரைவர் மாதக்கணக்காக ஓட்டினார். நல்ல ஓட்டுநர், கெட்டிக்காரர். புத்தகத்தில் ஒரு குறையும் இல்லை. ஒருநாள் அவர் வீட்டில் விசேஷம் என்று லீவு போட, ஸ்பேர் டிரைவர் ஒருவர் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ராத்திரி வந்ததும் வராததுமாக எழுதினார்: 'ஸ்டீயரிங் இடது பக்கம் கடுமையாக இழுக்கிறது. தோள்பட்டை வலி.' மறுநாள் ரெகுலர் டிரைவரிடம் கேட்டோம். "அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. சக்கரத்தைக் கழற்றினால் கிங் பின் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. தினமும் ஒரு நூல், ஒரு நூலாக வந்த கோணலை அவர் தோள் தினமும் ஒரு நூலாக வாங்கிக்கொண்டுவிட்டது.

சக்கரத்தில் இரண்டு விதக் கோளாறு வரும். ஒன்று பாலன்சிங். ரிம்மும் டயரும் சுற்றும்போது எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் எண்பது, தொண்ணூறு வேகத்தில் ஸ்டீயரிங் கிடுகிடுவென்று ஆடும். பயந்துபோய் அன்றைக்கே கடைக்குப் போய்விடுவாய். அவர்கள் ரிம்மில் சின்னதாக ஒரு எடைத் துண்டை அடித்து அனுப்பிவிடுவார்கள். இன்னொன்று அலைன்மென்ட். அது ஆடாது, சத்தம் போடாது, மெதுவாக ஒரு பக்கம் கொண்டுபோகும். ஆட்டுகிற கஷ்டத்துக்கு மனுஷன் வைத்தியம் பார்த்துக்கொள்வான். இழுக்கிற கஷ்டத்தைத்தான் 'அது அப்படித்தான்' என்று சொல்லிப் பழகிக்கொள்வான்.

அந்த லே-அவுட்டிலேயே ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கச் சொல்லி, முன்டயரின் உள்பக்கத்தைக் காட்டினேன், நினைவிருக்கிறதா? வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருந்தது. உள்ஓரம் மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தது. பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சின்ன மேடு ஒன்று இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டை தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் டயரை மாற்றியே ஆக வேண்டும். உன் டயரில் நடுப்பட்டைக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது, உள்ஓரம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டது. உன் உள்ளங்கையைப் பிடித்து டயரின் குறுக்கே தடவ வைத்தேன். ஒரு திசையில் வழுக்கியது, மறு திசையில் கீறியது. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் செதில் கீறும் இல்லையா, அதே மாதிரி. டயர் உருள்வதோடு நிற்காமல் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டும் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இனி தடவும்போது கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்.

அடுத்து அலைன்மென்ட் கடை. அங்கே வேலை பார்க்கிற தம்பி வண்டியை உடனே மெஷினில் ஏற்றப் பார்த்தான். நான் தடுத்ததும் உனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. "தாத்தா, அவங்களுக்குத் தெரியாதா?" என்று கிசுகிசுத்தாய். அவனுக்குத் தெரியும். ஆனால் பின்னால் ஆறு வண்டி நிற்கிறது. வரிசையில் நிற்கிறவன் கேட்காததை எந்தக் கடையிலும் தானாகச் செய்ய மாட்டார்கள்.

முதலில் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் எவ்வளவு காற்று வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் அளக்கவேண்டிய அளவு அது. உன் இடது முன்டயரில் வலதைவிட ஆறு பவுண்டு குறைவு. காற்றுக் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். அடுத்தது ஆட்டிப் பார்ப்பது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங்கோ பால் ஜாயின்டோ தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் டை ராடு முனை தெரியும். அவை நன்றாக இருந்தன. கடைசியாக லோயர் ஆர்முக்கு ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பச் சொன்னேன். இடது பக்கப் புஷ்ஷில் ரப்பர் கிழிந்து வாயைப் பிளந்தது. மழைக்காலத்துச் சென்னைக் குழி ஏதோ ஒன்றில் நீ விட்ட வண்டி.

அந்த நிலையில் மெஷினில் ஏற்றிச் சரிசெய்திருந்தால் எண் எல்லாம் பச்சைக்கு வந்திருக்கும். தாளும் கொடுத்திருப்பார்கள். ஆனால் கிழிந்த புஷ் பிரேக் போடும்போது ஒரு இடத்தில் நிற்கும், கியர் போட்டு இழுக்கும்போது இன்னொரு இடத்தில் நிற்கும். ஆடுகிற பல்லுக்கு வரிசை பார்க்க முடியுமா? அதனால்தான் அன்றைக்குத் திரும்பி வந்து, நம் தெரு மெக்கானிக்கிடம் இரண்டு பக்கப் புஷ்ஷும் மாற்றி, மறுநாள் போனோம். உன் ஞாயிற்றுக்கிழமை போச்சு என்று முணுமுணுத்தாய். காற்றும் புஷ்ஷும் சரியானதும் அந்த இழுப்பு நின்றுவிட்டது. ஆனால் ஸ்டீயரிங் அதே ஒரு விரற்கடை சாய்ந்தே இருந்தது. இழுத்தது ஒரு கோளாறு, சாய்ந்தது வேறு கோளாறு. இரண்டும் சேர்ந்து உனக்கு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

மெஷினில் ஏற்றியதும் அந்தத் தம்பி முதலில் என்ன செய்தான்? உன் வண்டி எந்த மாடல், எந்த வருடம் என்று கேட்டுத் திரையில் தேர்ந்தெடுத்தான். ஒவ்வொரு வண்டிக்கும் அளவு வேறு. பக்கத்து வண்டிக்குச் சரியான கோணம் உன் வண்டியில் டயரைத் தின்னும். உன்னோடு படித்த பிள்ளைகள் வீடு வாங்கிவிட்டார்கள், கல்யாணம் முடித்துவிட்டார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தத் திரைதான் ஞாபகம் வந்தது.

கேம்பர் என்ற வரி: முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருக்கிறதா, வெளியே சாய்ந்திருக்கிறதா என்ற கணக்கு. காஸ்டர் என்ற வரி: பக்கவாட்டில் நின்று பார்க்கிற சாய்வு. சைக்கிளின் முன்போர்க் நட்டுக்குத்தலாக இல்லாமல் சாய்ந்திருக்கிறதே, அதுதான். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போவதற்கு அந்தச் சாய்வும் ஒரு காரணம். திருப்பம் முடிந்ததும் காரின் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதும் அதனால்தான். இந்த இரண்டும் உன் வண்டியில் பச்சையாகவே இருந்தன. சிவப்பாக இருந்தாலும் திருகிச் சரிசெய்ய உன்னுடையது மாதிரிச் சின்ன வண்டிகளில் பெரும்பாலும் வழி கிடையாது. அது பிறவிக் கோணம். மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும். யாராவது 'கேம்பர் கரெக்‌ஷன்' என்று தனியாகப் பணம் கேட்டால், "எந்த போல்ட்டைத் திருப்பப் போறீங்க?" என்று ஒரு கேள்வி கேள், போதும்.

நம் கையில் இருப்பது டோ என்ற மூன்றாவது வரி மட்டும்தான். எழுந்து நின்று உன் பாதங்களைப் பார். விரல்கள் ஒன்றையொன்று பார்க்க நின்றால் டோ இன். ஆளுக்கொரு திசையாக விரிந்து நின்றால் டோ அவுட். டெப்போவில் இதற்கு மெஷின் கிடையாது. முன்சக்கரங்களைத் தூக்கி, டயர் நடுவில் சாக்பீஸைத் தேய்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஆணியால் ஒரு கோடு இழுப்போம். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை அளப்போம். பஸ்ஸுக்கு முன்பக்கம் சிறிது குறைவாக, அதாவது உள்ளே பார்க்க வைப்போம். புதிதாகச் சேர்ந்தபோது, "அது கோணல்தானே அண்ணே, நேரா வெச்சா என்ன?" என்று கேட்டேன். சீனியர் சிரித்தார். "நிக்கிற வண்டிக்கா வைக்கிறோம்? ஓடுறப்ப ரோடு இதை வெளியே தள்ளும். அப்ப நேரா நிக்கும்" என்றார். நிற்கும்போது நேர் வேறு, ஓடும்போது நேர் வேறு.

உன் தாளில் சரிசெய்யும் முன் இருந்த அளவு: இடது, மைனஸ் 22 மினிட். வலது, பிளஸ் 5 மினிட். ஒரு டிகிரியை அறுபதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மினிட். மைனஸ் என்றால் வெளியே பார்க்கிறது, பிளஸ் என்றால் உள்ளே பார்க்கிறது. இடது சக்கரம் வெளியே பார்த்தாலும் வலது சக்கரம் உள்ளே பார்த்தாலும் இரண்டும் பார்ப்பது இடப்பக்கம்தான். அதனால்தான் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி இடது போனது. வண்டியை நேராக விட நீ ஒரு விரற்கடை வலது பிடித்தாய். இரண்டையும் கூட்டினால் மைனஸ் 17. உன் சக்கரம் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் உயரம். அந்த 17 மினிட்டை நாடாவில் அளந்தால் மூன்று மில்லிமீட்டர் வரும். மூன்றே மில்லிமீட்டர்.

இதில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறாயா? கணக்குப் பார்ப்போம். ஓடும்போது அந்த மூன்று மில்லிமீட்டரை இரண்டு சக்கரமும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றும் 600-க்கு ஒன்றரை மில்லிமீட்டர் கோணலாக உருளும். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டர் போகும்போது இரண்டரை மீட்டர் தூரம் டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இருபத்தைந்து கிலோமீட்டர். இங்கிருந்து மேலூர் வரைக்கும் டயரை உருளவிடாமல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போனதற்குச் சமம். எந்த ஒரு நாளும் உனக்கு அது தெரியாது.

அந்தத் தம்பி சரிசெய்ததைப் பார்த்தாய் அல்லவா? ஸ்டீயரிங்கை நேராக வைத்து ஒரு கம்பியால் முட்டுக்கொடுத்து நிறுத்தினான். குழிக்குள் இறங்கி, டை ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைக் கொஞ்சம், சாவியைத் திருப்புகிற அளவு, திருப்பினான். திரையில் இருபத்திரண்டு என்பது பதினைந்தாகி, எட்டாகி, ஒன்றாகிப் பச்சையானது. "இவ்ளோதானா?" என்று கேட்டாய். இவ்வளவுதான். ஆனால் அதோடு அவன் எழுந்து வரவில்லை. ராடு சுற்றிவிடாமல் ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால் லாக் நட்டை இறுக்கினான். இறுக்கிய பிறகு மறுபடியும் திரையைப் பார்த்தான். நல்ல வேலைக்காரன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. லாக் நட் இறுகாத டை ராடு நாலு ஸ்பீட் பிரேக்கர் தாங்காது.

இதற்கு ஒரு குறுக்குவழியும் உண்டு, தெரிந்துகொள். ஸ்டீயரிங் வீலைக் கழற்றி, நேராகத் தெரிகிற மாதிரி மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பார்க்க நேராக இருக்கும். கீழே சக்கரங்கள் பழையபடியே டயரைத் தின்றுகொண்டிருக்கும். ஒரு கோணல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியையும் வாயடைத்த மாதிரி.

இதுவரை வண்டிக்கதை. இனி உன் தாத்தா கதை.

எனக்கு மாதம் ஒண்ணாம் தேதி சம்பளம். இருபத்தைந்தாம் தேதி வாக்கில் கை காய்ந்துவிடும். கூட வேலை பார்த்த ஒருவரிடம் முந்நூறு ரூபாய் கைமாற்று வாங்குவேன். ஒண்ணாம் தேதி திருப்பிக் கொடுத்துவிடுவேன். வட்டி கிடையாது, ஒருநாள் தவறியதும் கிடையாது. கடன் என்றே நான் அதை நினைத்ததில்லை. ஒன்பது வருடம் இப்படி ஓடியது. அந்த மனுஷர் தங்கமானவர். அவ்வப்போது, "இந்த ஞாயித்துக்கிழமை என் டூட்டியைப் பார்த்துக்கிறியா?" என்பார். முந்நூறு ரூபாய் வாங்குகிற வாய்க்கு முடியாது என்று சொல்ல வருமா? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்காகப் போனேன்.

1996-இல் எனக்கு மஞ்சள் காமாலை வந்து நாற்பது நாள் படுத்துவிட்டேன். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துக்கொண்டே வீட்டு வரவுசெலவையும் உன் பாட்டிதான் பார்த்தாள். என் சின்ன நோட்டைப் புரட்டிவிட்டு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இது என்னங்க, மாசாமாசம் முந்நூறு வாங்கி முந்நூறு கொடுத்திருக்கீங்க? எத்தனை வருஷமா?"

"அது அப்படித்தான்" என்றேன்.

என் வாழ்க்கையின் ஸ்பேர் டிரைவர் அவள். ஒரே நாள் ஓட்டினாள், இழுப்பைக் கண்டுபிடித்துவிட்டாள்.

கைமாற்றை நிறுத்துவது பற்றி அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. முதலில், "எங்க ஓட்டை?" என்றுதான் கேட்டாள். சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் தேதி உன் சின்னத் தாத்தா வருவான். "அண்ணே, ஒரு முந்நூறு இருக்குமா?" என்பான். கடை வைத்த புதிதில் ஆரம்பித்த பழக்கம். கொடுத்துவிடுவேன். அது திரும்பி வராது. அவனிடம் இல்லை என்று சொல்ல வாய் வராமல், இருபத்தைந்தாம் தேதி இன்னொருவரிடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிழிந்த புஷ் அங்கே இருந்தது.

உடம்பு தேறியதும் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். சண்டை வரும், பேச்சுவார்த்தை அற்றுப்போகும் என்றெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீ குடுத்தே, நான் வாங்கினேன். கஷ்டம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே அண்ணே" என்றான். ஒன்பது வருடமாக நான் பயந்தது அந்த ஒரு வாக்கியத்துக்கு. அவனைத் தப்பாக நினைக்காதே. கடை நிலைத்த பிறகு உன் அப்பாவின் காலேஜ் பீஸில் பாதி அவன் கட்டியது.

அதற்கப்புறம்தான் கோணத்தைத் திருப்பினோம். ஒரேயடியாக இல்லை. அந்த மாதம் முந்நூறுக்குப் பதில் இருநூற்று ஐம்பது வாங்கினேன். அடுத்த மாதம் இருநூறு. மாதம் ஐம்பதாகக் குறைத்து ஆறாவது மாதம் பூஜ்யம். ஏழாவது மாதம் உன் பாட்டி ஒரு காரியம் செய்யச் சொன்னாள். கைமாற்று கொடுத்தவரிடம் போய், "இனிமே நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்கண்ணே" என்று சொன்னேன். அவர் சிரித்தார். எனக்கு அது லாக் நட்டை இறுக்கியது போல இருந்தது.

ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான். மாதம் ஒரு ஞாயிறு, ஒன்பது வருடம், நூற்றெட்டு ஞாயிற்றுக்கிழமைகள். உன் அப்பா சைக்கிள் பழகியதை நான் பார்க்கவில்லை. முழங்கையில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று உன் பாட்டி சொல்லித்தான் தெரியும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு நாங்கள் கடன் இல்லாத குடும்பம். தேய்ந்தது உள்ஓரம்.

உனக்கு நான் புத்தி சொல்கிறேன் என்று நினைக்காதே. உன் ஆபீஸ், உன் சம்பளம், நீ ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப்பை மூடுவது, எதையும் நான் பேச வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்டால் நீ "அது அப்படித்தான் தாத்தா" என்று சொன்னாயானால், அந்த இடத்தில் ஆள் இல்லாத ரோடாகப் பார்த்து, வேகத்தைக் குறைத்து, கையை ஒரு நிமிடம் எடுத்துப் பார். விரல் ஒட்டினாப்போலவே இருக்கட்டும். வண்டி தானாக எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் காற்று, அப்புறம் ஆட்டம், அப்புறம் கோணம். இந்த வரிசையை மாற்றாதே. எப்போதாவது உன் வண்டியை வேறு யாரிடமாவது கொடுத்து நாலு கிலோமீட்டர் ஓட்டச் சொல்லு. இறங்கி வந்து அவர்கள் என்ன சொன்னாலும் கோபப்படாதே.

தாளின் கடைசியில் அடுத்த செக்கிங் ஐயாயிரம் கிலோமீட்டரில் என்று போட்டிருக்கிறது. பெரிய குழியில் விட்டால் அதுவரை காத்திருக்க வேண்டாம். தேய்ந்த அந்த இரண்டு டயரையும் மழைக்கு முன் மாற்றிவிடு.

இன்னொரு சமாச்சாரம். நீ வந்த அன்று ராத்திரி, "ஏன் தாத்தா டிவி இவ்ளோ சத்தமா வெக்கிறீங்க?" என்று கேட்டாய். "வெளியே ரோட்டுச் சத்தம்மா, பைபாஸ் வந்ததிலேர்ந்து இப்படித்தான்" என்றேன். உன் பாட்டி போனதிலிருந்து இந்த வீட்டில் ஸ்பேர் டிரைவர் கிடையாது. நீ போன பிறகு, நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. ரோட்டில் ஒரு வண்டி இல்லை. எழுந்துபோய் டிவியைப் போட்டேன். வால்யூமை அன்றைக்கு வைத்த அதே நாற்பதில் வைத்தால்தான் கேட்டது. போனிலும் சிக்னல் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காது டாக்டரிடம் போகிறேன். அங்கேயும் இந்த மாதிரி ஒரு தாள் தருவார்களாம், இடது காதுக்கு ஒரு கோடு, வலது காதுக்கு ஒரு கோடு. எடுத்து வைக்கிறேன். அடுத்த முறை வரும்போது நீ படித்துச் சொல்லு.

அன்புடன்,
தாத்தா